வாலில்லாத மலையாளம்

மலையாளத்தில் வினைச்சொல்லுக்கு வால் கிடையாது. நான் வந்தாலும் 'வந்நு', அவன் வந்தாலும் 'வந்நு', ஊரே திரண்டு வந்தாலும் 'வந்நு'தான். தமிழனுக்கு இது பொறுக்காது. வந்தது யார் என்று சொல்லின் கடைசியில் ஒட்டிக் காட்டாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. ஆகவே திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த தமிழன் 'ஞான் வந்நேன், அவர் வந்நார்' என்று வாலோடுதான் பேசுவான். வாயைத் திறந்த மாத்திரத்தில் பாண்டி என்று தெரிந்துவிடும்.

பாண்டி என்றால் பாண்டிய நாட்டவன், ராஜ பரம்பரை என்றெல்லாம் எங்கள் ஆட்கள் தங்களுக்குள் பெருமையடித்துக்கொள்வார்கள். சொல்கிறவன் அந்த அர்த்தத்தில் சொல்ல வேண்டாமா? கறுப்பு, அழுக்கு, நல்லெண்ணெய் நாற்றம், மூளை மட்டு, இத்தனையும் அந்த மூன்றெழுத்துக்குள் அடக்கம். பேருந்தில் காலை மிதித்தவனும் பாண்டிதான், மிதிபட்டவன் தமிழனாக இருந்தால் அவனும் பாண்டிதான்.

என் அப்பா குற்றாலலிங்கம் பிள்ளை சாலைக் கம்போளத்தில் கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். பதினெட்டு வயதில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். நான் திருவனந்தபுரத்திலேயே பிறந்தவள். ஆனால் கருப்பட்டிக்காரன் மகள், நிறமும் கருப்பட்டி. போதாக்குறைக்கு மலையாளத்தில் பட்டி என்றால் நாய். கருப்பட்டியை நடுவில் லேசாக நசுக்கினால் 'கரிம்பட்டி', கறுப்பு நாய். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே என்னோடு படித்த பெண்கள் இந்த இலக்கணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்.

நானும் சும்மா இருக்கவில்லை. உலகம்மை என்ற என் பெயரை நோட்டுப் புத்தகத்தில் 'லோகாம்பிகா' என்று எழுதினேன். அம்மா இழுத்துப் பின்னிவிட்ட சடையைத் தெருமுனை தாண்டியதும் அவிழ்த்து, மலையாளத்துப் பெண்கள் மாதிரி நுனியில் மட்டும் முடிந்துகொண்டேன். மஞ்சள் பூசிய முகத்தைப் பாவாடை நுனியால் துடைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக வாலை நறுக்கினேன். ஏழு வருஷம் பாடுபட்டு, ஒரு வால்கூட ஒட்டாத மலையாளம் பேசக் கற்றுக்கொண்டேன். வீட்டிலும் அதுதான். என் அம்மா பிச்சம்மாள், "இவ வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருக்கு?" என்று கேட்பாள். என் ஆசையெல்லாம் ஒன்றே ஒன்று. யாராவது ஒருத்தி என்னைப் பார்த்து, "நீ பாண்டியா? தெரியவே இல்லையே" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டால் செத்தாலும் பரவாயில்லை என்றிருந்தேன்.

1956இல் நான் நாலாம் ஃபாரம். நவம்பர் ஒன்றாம் தேதி கேரளம் பிறக்கிறது, தெற்கே நாலு தாலுகா மதராஸோடு போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு ஒரு நாடகம் போடுவதாக முடிவாயிற்று. திருவிதாங்கூர், கொச்சி, மலபார் என்று மூன்று சகோதரிகள், பிரிந்திருந்தவர்கள் கடைசியில் கட்டிப்பிடித்து அழுவார்கள். மலையாளத்தில் வகுப்பிலேயே எனக்குத்தான் கூடுதல் மார்க்கு. மூன்று சகோதரிகளின் வசனத்தையும் நெட்டுருப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். மலபாராவது கிடைக்காதா?

நாடகத்தைப் பழக்கியவர் பங்கஜாக்ஷி ஸார். திருவனந்தபுரத்தில் பெண் வாத்தியாரும் 'ஸார்'தான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எடீ, நீயாணு பாண்டி! நினக்கு ஞான் ஒந்நும் படிப்பிக்கண்டல்லோ."

நீதான் பாண்டி, உனக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லையே என்று அர்த்தம். சகோதரிகள் கட்டிக்கொண்டு அழுவதற்கு நடுவே ஜனங்கள் சிரிக்க ஒரு இடம் வேண்டுமாம். ஒரு பாண்டி வியாபாரி கருப்பட்டி மூட்டையோடு வருவான். தன் ஊர் எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியாமல் எல்லையில் நின்று திருதிருவென்று விழிப்பான். அவ்வளவுதான் வேஷம். மூக்குக்குக் கீழே கரியால் மீசை வேறு.

ஒத்திகையில் 'எனக்கு வழி தப்பிவிட்டது' என்ற வசனத்தைச் சுத்தமான மலையாளத்தில் சொன்னேன். வேறு மாதிரி எனக்குச் சொல்லத் தெரியாது. ஸார் கையிலிருந்த காகிதத்தை மேஜைமேல் போட்டார். "அங்ஙனேயல்லா. வால் வைக்கூ! நின்டெ வீட்டில் பறயும்போலே பற." வீட்டில் பேசுகிற மாதிரி பேசு என்றார். ஏழு வருஷமாக நறுக்கி எறிந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்துவந்து ஒட்டச் சொன்னார். அத்தனை நாளும் நான் வாலில்லாமல் பேசியது அவர் காதில் விழவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவமானத்தில் காது சுட்டது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாடகத்தில் இல்லாமல் போவதைவிட நாடகத்தில் பாண்டியாக இருப்பது மேல் என்று பட்டது. அந்த வயசில் அவ்வளவுதான் எனக்கு விலை.

ஆனால் பாண்டி மாதிரிப் பேச எனக்கு யார் சொல்லித் தருவார்கள்? வீட்டில் அப்பாவும் அம்மாவும் தமிழ் பேசுவார்கள், நான் மலையாளம் பேசுவேன். வாலோடு கூடிய மலையாளம் கேட்க வேண்டுமானால் அப்பாவின் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஒரு வாரம் பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குப் போனேன். வருஷக்கணக்காக அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத மகள் வந்து சாக்குமேல் உட்கார்ந்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துக் கடைச் சிவதாணுவைக் கூப்பிட்டு, "பாத்தியாடே, மவ வந்திருக்கா" என்றார். சுக்குக் கருப்பட்டி உடைத்துக் கொடுத்தார். நான் அதைச் சப்பிக்கொண்டே கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் பேசுவதை எழுதிக்கொண்டேன்.

"ஸாரே, ஞான் இந்நலே சரக்கு கொண்டு வந்நேன். ஞான் கள்ளம் பறையேன்." நேற்றுச் சரக்கு கொண்டுவந்தேன், பொய் சொல்லமாட்டேன் என்று வாங்க வருகிறவர்களிடம் அவர் சொல்வதை எழுதினேன். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வளைவது, தலையைச் சொறிவது, வாங்குகிறவர்கள் சிரித்தால் தானும் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பது, எல்லாவற்றையும் எழுதினேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்டதற்கு, "பாடம்" என்றேன். அது பொய்யும் இல்லை.

நாடகத்தன்று அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டார்கள். வர வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியிருந்தேன். பங்கஜாக்ஷி ஸார் பியூனிடம் அழைப்புக் கொடுத்தனுப்பியிருந்தார், ரொம்பப் பிரியமாக. கஞ்சி போட்ட சட்டையும் விபூதியுமாக அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பதை மேடைக்கு ஏறும்போது பார்த்தேன்.

"ஞான் வழி தெற்றிப் போயேன்!" என்றேன். கூடம் அதிர்ந்தது. துண்டைக் கக்கத்தில் இடுக்கினேன், மறுபடி அதிர்ந்தது. தலையைச் சொறிந்தேன், மூக்கைச் சொறிந்தேன், வளைந்தேன், இளித்தேன். முன்வரிசையில் ஒரு அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன சொல்ல, எனக்கு ஆனந்தமாக இருந்தது. பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்றைக்கு என்னோடு சேர்ந்து சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பதினாலு வயசு மூளைக்கு அந்த வித்தியாசம் பிடிபடாது. மூன்று சகோதரிகள் வந்து அழுதபோது ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள்.

எனக்குத்தான் பரிசு. ஒரு சோப்பு டப்பா, சோப்பு இல்லாமல். "அஸ்ஸல் பாண்டி!" என்று பங்கஜாக்ஷி ஸார் என் கன்னத்தைக் கிள்ளினார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, காது கேட்காதவரிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சத்தம் போட்டுச் சொன்னார்:

"மோள்... நன்னாயி... அபிநயிச்சு. மனசிலாயோ?"

மகள் நன்றாக நடித்தாள், புரிந்ததா என்று கேள்வி. அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கினார். "மனசிலாயேன் ஸாரே, மனசிலாயேன்" என்றார். நாடகம் இன்னும் முடியவில்லை என்று சுற்றி நின்றவர்கள் இன்னொரு தரம் சிரித்தார்கள்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா முன்னால் போனாள். கோட்டை வாசல் தாண்டியதும் அப்பா பேசினார். மலையாளத்தில்.

"நீ காணிச்சது நன்னாயிருந்நு. பக்ஷே ஒரு தெற்று பற்றி. ஞான் ஒரிக்கலும் மூக்கு சொறியாறில்லா."

நீ செய்து காட்டியது நன்றாக இருந்தது, ஒரே ஒரு பிசகு, நான் ஒருநாளும் மூக்கைச் சொறிவதில்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு வால் இல்லை. உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லை. என் மலையாளம் பள்ளிக்கூடத்துப் பெண்களிடம் பொறுக்கியது. அவருடையது அச்சில் வார்த்த மாதிரி இருந்தது.

"உங்களுக்கு இப்படி மலையாளம் பேசத் தெரியுமா அப்பா?" என்றேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் வாயில் தமிழ் வந்தது.

"முப்பது வருஷமா இந்த ஊருத் தண்ணியக் குடிக்கேன். கருப்பட்டி பொதியுத பத்திரிகைய எல்லாம் படிச்சிட்டுத்தான் கிழிக்கேன்."

"பொறவு ஏன் கடையில அப்படிப் பேசுதீங்க?"

"நல்ல மலையாளம் பேசுத பாண்டியக் கண்டா அவனுக்குப் பயம்ளா. கள்ளன், சூதுக்காரன்னு நினைப்பான். வாய் குழறுனா, இவனுக்கு ஏமாத்தவா அறிவு இருக்குன்னு தராசப் பாக்காம வாங்கிட்டுப் போவான். நான் ஒருநாளும் எடை குறைச்சதில்ல. ஆனா அவன் குனிஞ்சு முள்ளப் பாக்கப்பிடாது. பாத்தாம்னா என் மூஞ்சில துப்புன மாதிரி." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அந்த வேஷத்த நான் சோத்துக்குப் போட்டேன். நீ சோப்பு டப்பாவுக்குப் போட்டுட்டே."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. முதலில் வெளியே வந்தது ஆத்திரம்தான்.

"பாண்டின்னா இப்படித்தான் இளிப்பான்னு ஸாருக்கு யாருப்பா படிச்சுக் குடுத்தா? நீங்கதான். முப்பது வருஷமா கடை வாசல்ல நின்னு ஊருக்கே படிச்சுக் குடுத்திருக்கீங்க. நான் ஒவ்வொரு வாலா நறுக்குதேன், நீங்க தெனம் போய் ஒட்டுதீங்க. என்னப் பாத்ததும் 'நீதான் பாண்டி'ன்னு அவங்க சொன்னாங்களே, அந்த வேஷத்த எனக்குத் தச்சு வச்சதே நீங்கதான்!"

அப்பா கையை ஓங்கினார். அடிக்கவில்லை. ஓங்கிய கையால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"ரோட்டுல நின்னு என்ன வழக்கு?" என்று அம்மா திரும்பிப் பார்த்துக் கத்தினாள். அவள் கேட்டது நியாயம். நாங்கள் திட்டியிருக்க வேண்டியவர்கள் எல்லாம் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு அவரவர் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். பாண்டியும் பாண்டியும் நடுத்தெருவில் நின்று அடித்துக்கொண்டோம்.

இரண்டு நாள் அப்பா என்னோடு பேசவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அம்மா சோற்றுத் தூக்கைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினாள். நான் போய் நின்ற நேரம் ஒரு வைத்தியர் வந்தார். லேகியம் கிண்டுவதற்கு அப்பாவிடம் பன்னிரண்டு வருஷமாகக் கருப்பட்டி வாங்குகிறவர். அப்பா வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு வருகிறவர்.

"எந்தா அண்ணாச்சீ, சரக்கு எப்போள் வந்நேன்?" என்று வாலை இழுத்துக் காட்டினார்.

அப்பா துண்டை எடுக்கப் போனார். என்னைப் பார்த்தார். துண்டை ஆணியிலேயே விட்டுவிட்டார்.

"ராவிலே வந்நதாணு வைத்யரே. குறச்சு ஈர்ப்பம் உண்டு. ரண்டு திவசம் வெயில் கொள்ளிச்சால் மதி."

காலையில்தான் வந்தது, கொஞ்சம் ஈரம் இருக்கிறது, இரண்டு நாள் வெயிலில் வைத்தால் போதும். அவ்வளவுதான் சொன்னார். வைத்தியரின் சிரிப்பு பாதி வழியில் நின்றது. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"பனியுண்டோ அண்ணாச்சீ?"

காய்ச்சல் இருக்கிறதா என்று நிஜமான கவலையோடுதான் கேட்டார். "இல்லா, சுகமாணு" என்றார் அப்பா. வைத்தியர் கையை விட்டார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார், கருப்பட்டியைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் குனிந்து தராசு முள்ளைப் பார்த்தார்.

அப்பா இப்போதே ஒரு வாலை எடுத்து ஒட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று நானே வேண்டிக்கொண்டேன். அவர் தராசை வைத்தியர் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்.

"நன்னாயிட்டு நோக்கிக்கோளூ" என்றார்.

வைத்தியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு நன்றாகவே பார்த்தார்.