மரியாதைக் கொடி

எம், வி. இரண்டே எழுத்து. எம் என்றால் மனுவேல், வி என்றால் அவர் தம்பி விக்டர். பழைய துறைமுகத்தில் நிற்கும் அவர்கள் சரக்குத் தோணியின் பின்புறத்தில் வெள்ளைப் பெயின்டில் பெரிதாக எழுதியிருக்கும். விக்டரின் மகள் ஸ்டெபிக்கு அப்பா என்றால் அந்த வி தான். அவள் தவழ்ந்துகொண்டிருந்த வருடம் அவர் அண்ணனோடு மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப் போனார். தோணி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டுக் கிடந்தபோது, காற்றே இல்லாத ஒரு விடியலில், அவர் படுத்திருந்த இடம் காலியாக இருந்ததாம். உடலும் கிடைக்கவில்லை.

இப்போது தோணிக்கு ஓர் இணையதளம் தேவைப்பட்டது. சரக்கு அனுப்புகிறவர்கள் போனிலேயே இடம் பிடிக்கப் பார்க்கிறார்கள். புதுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஸ்டெபி, நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தாள். பெயர் என்ன வைப்பது என்று யோசிக்கவே இல்லை. அந்த இரண்டு எழுத்து மட்டும் போதும். பெரியப்பாவும் அப்பாவும் உலகம் பூராவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஆனால் இணையத்தில் இரண்டு எழுத்துப் பெயர் என்பது கேட்டதும் கிடைக்கிற சாமான் இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு எழுத்துக் குறியீடு உண்டு. அதைப்போலத் தெரிகிற பெயர்களை வெகுகாலம் பூட்டியே வைத்திருந்தார்கள். இப்போது சில இடங்களில் திறந்துவிட்டிருக்கிறார்கள், ஒரு நிபந்தனையோடு. பெயரை யாரும் எடுக்கலாம், ஆனால் அந்த நாடு நான்தான் என்றோ அந்த அரசாங்கத்தின் ஆள் என்றோ பார்க்கிறவர் நினைக்கும்படி நடந்துகொள்ளக் கூடாது. எம்.வி. மாலத்தீவின் குறியீடு. ஸ்டெபி அதை இரண்டு தடவை படித்தாள். அப்பாவை வாங்கிக்கொண்டு திருப்பித் தராத நாட்டின் பெயரிலேயே அப்பாவின் எழுத்து இருந்திருக்கிறது. நிபந்தனைக்குச் சம்மதம் சொல்லிப் பெயரை எடுத்துவிட்டாள். நாம் எதற்கு அடுத்த நாட்டுக்காரர் மாதிரி நடிக்கப் போகிறோம்?

பக்கம் தயாரானதும் பெரியப்பாவிடம் காட்டினாள். ஆனி மாதம், தோணி ஓடாத பருவம். வாடிப்போன மத்தியான வெளிச்சத்தில் கடலும் வானமும் ஒன்றாகிக் கிடந்தன. தூரத்தில் நின்ற கப்பல் ஆகாயத்தில் நிற்கிறதா தண்ணீரில் நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை. மனுவேல் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, கொடி எங்கே என்று கேட்டார். அடுத்தவன் துறைக்குள் நுழைகிற எந்தக் கப்பலும் அந்த நாட்டுக் கொடியைப் பாய்மரத்தில் ஏற்றியாக வேண்டும், அது மரியாதை என்றார். அவர்கள் எழுத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் கொடி இல்லாமல் நிற்பதா என்று மனசு கேட்கவில்லை அவருக்கு. பெரியப்பா ஆசைப்பட்டுக் கேட்பதே அபூர்வம். சிவப்புக்குள் பச்சை, பச்சைக்குள் வெள்ளைப் பிறை, ஸ்டெபி பக்கத்தின் உச்சியில் அழகாகப் பறக்கவிட்டாள்.

பிறகு தினமும் சாயங்காலம் அதைப் பார்ப்பது மனுவேலுக்கு வழக்கமாகிவிட்டது. சில நாள் பார்த்தபடியே தூங்கிப்போவார். போன் அவர் நெஞ்சின் மேல் வெளிச்சம் விட்டுக்கொண்டு கிடக்கும், மூச்சுக்கு மூச்சு கொடி ஏறி இறங்கும்.

அப்புறம்தான் பெயரைக் கொடுத்த இடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். நாட்டின் எழுத்தும் நாட்டின் கொடியும் ஒன்றாக இருந்தால் பார்க்கிறவர் அதை அரசாங்கப் பக்கம் என்றுதான் நினைப்பார். கொடியை எடுக்காவிட்டால் பெயரை எடுத்துக்கொள்வோம். ஸ்டெபிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. விதியைப் படித்துச் சம்மதம் சொன்னவளே அவள்தானே? கடலில் மரியாதையாக இருந்தது கரையேறியதும் ஆள்மாறாட்டம் ஆகிவிட்டது. எடுத்துவிடலாம் என்று கை போனது. ஆனால் பெரியப்பாவுக்குத் தெரியாமல் எடுக்க முடியவில்லை. எடுக்காவிட்டால் அப்பாவின் எழுத்து போய்விடும். இரண்டாவது முறை.

போய்ச் சொன்னாள். மனுவேல் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தார்.

"கொடிய எடுக்கலைன்னா பேரு போயிரும் பெரியப்பா."

"எடுத்தா?"

"எழுத்து நமக்கு நிக்கும்."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்டெபிக்கு ஒரு விஷயம் எப்போதுமே புரிந்ததில்லை. இத்தனை வருடமாக அப்பாவுக்காகக் கோயிலில் இறந்தவர்களுக்கான ஒரு பூசைகூடச் சொல்லவில்லை. பயணம் போனவர்களுக்கான செபத்தில்தான் இன்றுவரை விக்டர் பெயரைச் சொல்லுகிறார் பெரியப்பா. அம்மா பிளாரன்ஸும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. இறந்தவர்கள் திருநாளில் ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது இந்த வீடு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்.

"அவங்க தண்ணிய விட்டு வெளிய வந்ததும் அவங்க கொடிய எறக்கணும்ளா. அதுதான் முறை," என்றார் மனுவேல். "அன்னைக்கு நான் எறக்கல. தம்பி அங்கன கிடக்கான், கொடிய எறக்குனா அவன விட்டுட்டுக் கெளம்புனேன்னுல்ல ஆகும்? நம்ம துறை வரைக்கும் ஏத்துனபடியே வந்தேன். அவுத்தது யாருன்னுகூட எனக்குத் தெரியாது."

ஸ்டெபி பெரியப்பா பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். ஒரே தட்டலில் கொடியை அழித்துவிடலாம். ஆனால் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. சில வரி மாற்றி எழுதி, கொடி மெதுவாகக் கீழே இறங்கும்படி செய்தாள். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. தயார் என்று அவள் சொன்னதும் மனுவேல் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றார். அவரே திரையைத் தொட்டார்.

சிவப்பும் பச்சையும் பிறையும், அவசரமே இல்லாமல், பக்கத்தின் அடிவரை வந்து மறைந்தன. பிறகு மனுவேல் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"பங்குசாமிகிட்ட போயி, அப்பாவுக்கு ஒரு பூசை சொல்லிட்டு வாளா," என்றார்.