கஸ்தாரி கொடுத்த அளவு

வலிமார் அடக்கமான அம்பேலிலும் கிரெசிக்கிலும் தூபானிலும் எல்லோரும் உட்கார்ந்து யாசீன் ஓதியபோது, வார்த்தினி மட்டும் எழுந்து எழுந்து இடம் மாறிக்கொண்டிருந்தாள். பொனிமினின் முதுகு கண்ணில் படாத இடம் ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது. எங்கே போய் உட்கார்ந்தாலும் அந்த நீலச் சட்டை முன்னால் வந்து நின்றது.

அது அவள் கணவர் கஸ்தாரிக்காகத் தைத்த சட்டை. வலிமார் அடக்கத்தலங்களுக்கு ஜியாரத் கிளம்பும் ஐம்பது பேரும் கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க ஒரே பாத்திக் துணியில் தைத்துக்கொள்வார்கள். கஸ்தாரி அளவு கொடுத்துவிட்டு வந்த மறுவாரம் வயலில் மயங்கி விழுந்தவர், எழுந்திருக்கவில்லை. தையற்காரர் சட்டையைக் கொண்டுவந்தபோது வார்த்தினி அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "அவர் எடத்துல யார் வர்றாங்களோ, அவங்களுக்கே குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

நாற்பதாம் நாள் ஓதி முடித்துப் பஸ் ஏற வந்தால், அடுத்த வீட்டுப் பொனிமின் அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். கிணறு வெட்டுகிறவன், ஒட்டி உலர்ந்த உடம்பு. சட்டைக் கை முழங்கைக்குக் கீழே தொங்கியது.

கொடுத்ததைத் திரும்பக் கேட்க நாக்கு எழவில்லை. கேட்காமல் விட்டாலோ, இனி வாரா வாரம் அது வேலிக்கு அப்பால் கொடியில் காயும். ஊர் திரும்ப இன்னும் ஒரே நாள்தான் இருந்தது.

"என்னடி, எறும்புப் புத்துலயா உக்காந்திருக்க?" என்று முன்சீட்டுச் சுப்ரி திரும்பினாள்.

"சீட்டு சுடுது."

"ஏசி பஸ்ல சீட்டு சுடுதாம்! டிரைவர் தம்பி, கேட்டுக்க!"

அடுத்த ஊரான குடுஸில் ஜியாரத் முடிந்து, செங்கல் கோபுரத்தடியில், பயணத்தை நடத்திவந்த ஊர்ப் பள்ளிவாசல் மொதின் ஐயா ஆள் எண்ணினார். நாற்பத்தொன்பது. மறுபடி எண்ணினார். அதே நாற்பத்தொன்பது.

"பொனிமினைக் காணோம். நம்ம துணி எங்க தெரியுதுன்னு பாருங்கப்பா."

"எதை ஐயா பாக்கறது? அங்க பாருங்க!" என்றாள் சுப்ரி.

சந்து முழுக்க அதே நீலம். வேறு மாவட்டத்திலிருந்து மூன்று பஸ்ஸில் வந்தவர்கள், அதே இலைப்பூப் போட்ட துணியில்.

"மலிவாக் கெடைக்குதுன்னு சந்தையில வாங்கினீங்கல்ல, அனுபவிங்க!" என்று சுப்ரி மொதினைச் சாடினாள்.

"நான் போறேன்" என்று சொல்லும்போதே வார்த்தினி நடக்கத் தொடங்கிவிட்டாள். அந்த முதுகை அவளைவிட யாருக்குத் தெரியும்?

கூட்டத்தில் ஒரு முதுகு அகலமாக, கஸ்தாரியுடையதைப் போலவே இடது தோள் சற்றுச் சாய்ந்து போயிற்று. பொனிமின் இல்லை என்று தெரிந்தது. தெரிந்தும் கால்கள் அதன் பின்னாலேயே போயின. ஜெனாங் மிட்டாய்க் கடை வாசலில் அந்த ஆள் திரும்பினான். மீசை வைத்த இளைஞன்.

"என்னம்மா, பஸ்ஸை விட்டுட்டீங்களா?"

"இல்லப்பா" என்றாள்.

அந்தக் கடையை அடுத்த பெஞ்சில்தான் பொனிமின் இருந்தான். கோபுரப் படம் போட்ட புது பனியன் அவன் மேலிருந்தது. மடியில் பிளாஸ்டிக் பை.

"ஏண்டா, அங்க எல்லாரும் நிக்கிறாங்க, நீ இங்க என்ன பண்ற?"

"அக்கா, தூபான்லேர்ந்து உங்க கண்ணு என் முதுகைச் சுடுது. வலியார்கிட்ட என்ன கேக்க வந்தேன்னே மறந்துபோச்சு." பையை நீட்டினான். "இந்தாங்க. உங்க வீட்டுச் சட்டை."

அவள் சட்டையை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். வியர்வை வாடையும் கிராம்பு சிகரெட் வாடையும் அடித்தன. கஸ்தாரி சிகரெட்டைத் தொட்டதில்லை. இந்தச் சட்டையையும் அவர் ஒருநாள்கூடப் போட்டதில்லை. இதில் அவருடையது என்று இருந்தது அளவு மட்டும்தான்.

"அடுத்து டெமாக் போக ஒரு மணி நேரம் ஆகும்ல? அதுவரைக்கும் பனியனோட இரு."

"எதுக்குக்கா?"

"சட்டைக் கையைப் புடிச்சுத் தைச்சுத் தரேன். குளத்துல எறங்கின கொக்கு மாதிரி இருக்க."

பஸ்ஸில் மொதின் ஐயா எண்ணினார். ஐம்பது. வார்த்தினி முக்காட்டு ஊசியைக் கழற்றித் தையலைப் பிரித்தாள். சுப்ரியிடம் நூலும் ஊசியும் வாங்கினாள்.

"ஒரு எடத்துல உக்காந்து தையேன்டி. கையில குத்திக்கப்போற."

"நான் எங்க ஆடறேன்? பஸ்தான் ஆடுது."

ஒரு கை முடிந்தது. மறு கையில் பாதிகூட ஆகவில்லை, டெமாக் பள்ளிவாசலின் மூன்றடுக்குக் கூரை கண்ணாடியில் தெரிந்தது.

"ஐயா, கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்றாள் வார்த்தினி, தலையைத் தூக்காமல்.