பனிக்கடலில் எழுந்து நின்றவர்

ஞாயிற்றுக்கிழமை வெயில் தணிவதற்கு முன்பே உறவுக்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஈஸ்வரமூர்த்தியும் ராமாமணியும் வடதுருவத்துப் பக்கம் போய்த் திரும்பிய செய்தி கருமத்தம்பட்டியைத் தாண்டி அவிநாசி வரைக்கும் போயிருந்தது. கூடத்தில் நாற்காலி போதாமல் தறிக்குடோனிலிருந்து பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள்.

மோகனப்பிரியா சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தாள். காது மட்டும் கூடத்தில் இருந்தது. மாமனார் ஈஸ்வரமூர்த்தி பேசிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் மாதத்தில் பனி பார்த்தது, கப்பலில் தயிர் கிடைத்தது, ராத்திரி பதினொரு மணிக்கும் சூரியன் அடித்தது எல்லாம் ஆகிவிட்டது. இனி மிச்சம் இருப்பது அந்தப் படகு விஷயம்தான். ஊர் திரும்பி மூன்று நாளாகியும் அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இத்தனை பேர் முன்னால் திறந்தால் என்ன சொல்வாரோ என்றுதான் அவளுக்குப் பயம்.

காரமடையில் பிறந்தவள் அவள். விலங்கியல் படித்துவிட்டு, சத்தியமங்கலம் காட்டில் பறவைக் கணக்கெடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவளை ஒரு சிறிய கப்பல் நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. நூறு பயணிகளுக்கு மேல் ஏறாத கப்பல். துறைமுகமோ ஓட்டலோ இல்லாத வடகடல் தீவுகளுக்குப் போய், கரைக்குத் தள்ளி நங்கூரம் போடும். அங்கிருந்து ரப்பர் படகுகளில் பத்துப் பத்துப் பேராகக் கூட்டிப்போய்ப் பனியாறும் பறவைகளும் பார்க்க வைப்பார்கள். முதலில் பறவைகளைப் பற்றிச் சொல்வதுதான் அவள் வேலை. பிறகு பயிற்சி எடுத்து, இந்தக் கோடையில் படகையே ஓட்ட ஆரம்பித்திருந்தாள்.

கல்யாணமாகி வந்த புதிதில், மருமகளை யாராவது கடலுக்கு அனுப்புவார்களா என்று சொந்தபந்தம் முழுக்கக் கேட்டது. அப்போது, போய்விட்டு வரட்டும் என்று சொன்ன ஒரே ஆள் மாமனார்தான். அதனால்தான் இந்தத் தடவை, படகுகள் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளராக நிரந்தர வேலை கிடைக்கலாம், வருடத்தில் ஐந்து மாதம் அங்கேயே இருக்க வேண்டும் என்று தெரிந்தபோது, அவள் அவர் மனம் தெரியாமல் சரி சொல்ல விரும்பவில்லை. கணவன் கிருபாசங்கருக்குச் சம்மதம். அப்பாவும் அம்மாவும் ஒருதரம் கண்ணால் பார்க்கட்டும் என்று அவன்தான் இருவரையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினான்.

பார்க்க வந்த இடத்தில்தான் அது நடந்தது.

அன்று மாமனாரும் கிருபாசங்கரும் அவள் படகில் இருந்தார்கள். அத்தை ராமாமணி குளிர் தாங்காமல் கப்பலிலேயே தங்கிவிட்டாள். பனியாறு கடலில் வந்து முடியும் இடத்தில் வெள்ளையும் நீலமுமாக ஒரு சுவர் நின்றது. பாதுகாப்பான தூரத்தில் எஞ்சினை அடக்கி, எல்லோரையும் பார்க்கவிட்டாள். படகில் ஒரே ஒரு சட்டம்தான். ஓட்டுகிறவர் சொல்லாமல் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. ஏறும்போதே ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தாள். மாமனாரிடம் தமிழில் தனியாகவும் சொல்லியிருந்தாள்.

அந்த நேரம் பயணத் தலைவி சிக்ரித் தன் படகில் பக்கத்தில் வந்தாள். நார்வேக்காரி, மருமகளின் மேலதிகாரி. பெரிய மனுஷி ஒருத்தி எதிரே வந்தால் உட்கார்ந்திருப்பது ஈஸ்வரமூர்த்திக்கு ஆகாத காரியம். குடோன் வாசலில், கல்யாண மண்டபத்தில், ஓடுகிற பஸ்ஸில்கூட எழுந்துவிடுவார். அங்கேயும் எழுந்தார். இரண்டு கையையும் கூப்பி, முகம் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றார்.

அதே சமயம் பனிச்சுவரில் ஒரு பாளம் இடிந்து கடலில் விழுந்தது. இடி இறங்கியது போன்ற சத்தம். விழுந்த இடத்திலிருந்து அலை கிளம்பிவிட்டது. படகின் மூக்கை அலையைப் பார்த்துத் திருப்ப வேண்டும். திருப்பும்போது ஒருவர் நின்றுகொண்டிருந்தால் நேராகத் தண்ணீரில்தான் விழுவார். அந்தத் தண்ணீரில் கொஞ்ச நேரம் கிடந்தாலே கை கால் விறைத்துவிடும்.

உட்காருங்க மாமா என்று கத்தினாள். அவருக்குக் கேட்கவில்லை. அவளுடைய வலது கை எஞ்சின் பிடியில் இருந்தது. இடது கையால் அவருடைய மிதவை அங்கியை முதுகுப் பக்கம் பிடித்து இழுத்தாள். மாமனார் மல்லாந்து படகுக்குள்ளேயே விழுந்தார். தலையிலிருந்த குரங்குக் குல்லா கடலோடு போயிற்று. படகு திரும்பியது, அலை அடியில் நுழைந்து தூக்கி இறக்கிவிட்டுப் போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அவர் எழுந்து உட்கார்ந்து, கிருபாசங்கர் கொடுத்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கப்பல் சேரும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் அவர் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். சரி அம்மணி, போய்ப் படு என்று மட்டும் சொன்னார். பயணம் முடிந்த அன்று சிக்ரித் அந்தப் பொறுப்பை அவளுக்கே தருவதாகச் சொல்ல, ஊருக்குப் போய்ப் பதில் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். மாமனாரை அத்தனை அந்நியர்கள் முன்னால் பிடித்துக் கீழே தள்ளிய கையோடு, உங்களுக்குச் சம்மதமா என்று எப்படிக் கேட்பது?

காபித் தட்டோடு கூடத்துக்குள் போனபோது வெங்கடபதி பேசிக்கொண்டிருந்தார். அத்தையின் அண்ணன். எந்த வீட்டு விசேஷத்திலும் யாரையாவது சீண்டாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"ஏனுங் மாப்ள, மருமவ படகு ஓட்டறதப் பாக்கவா அத்தன தூரம் போனீங்க? பவானி ஆத்துல ஓட்டச் சொல்லியிருந்தா சத்தியமங்கலத்துலயே பாத்துட்டு, பொழுதோட ஊடு வந்திருக்கலாமே."

எல்லோரும் சிரித்தார்கள். ஈஸ்வரமூர்த்தியும் சிரித்தார். பிறகு காபியை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தப் படகில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். எதையும் விடவில்லை. சொல்லியும் கேளாமல் தான் எழுந்தது, கும்பிட்டது, பாளம் விழுந்தது, மருமகள் இழுத்தது, தான் கால் இரண்டும் மேலே தெரிய ஒரு ஜெர்மன்காரக் கிழவியின் மடியில் தலைவைத்துக் கிடந்தது வரைக்கும் சொன்னார். மோகனப்பிரியா தட்டை நெஞ்சோடு பிடித்தபடி கதவோரம் நின்றாள். கூடத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

வெங்கடபதிதான் முதலில் வாய் திறந்தார். என்ன இருந்தாலும் மாமனார் மேல் கை வைப்பது என்றால் அது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம் என்று இழுத்தார்.

"என்னத்த யோசிக்கறது மச்சான்? நம்ம குடோன்ல நீங்க வேட்டியத் தொங்கப் போட்டுட்டு ஓடற தறிப் பெல்ட்டுகிட்டப் போனீங்களே, அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்? ஏனுங் மச்சான், சித்த தள்ளி நில்லுங்கன்னு கைகட்டிட்டா நின்னேன்?"

"அது வேற."

"வேட்டி என்ற கைலயே வந்துருச்சு. நீங்க கோடு போட்ட டவுசரோட நின்னீங்க. இத்தன நாள் அத யாருகிட்டயாச்சும் சொன்னனுங்களா?"

இந்தத் தடவை கூடமே அதிர்ந்தது. ராமாமணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, இப்பச் சொல்லிப்போட்டீங்களே என்றாள். வெங்கடபதிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் ஈஸ்வரமூர்த்தி மெதுவாகச் சொன்னார். கடைசி நாள் அவர் யாருக்கும் தெரியாமல் சிக்ரித்தைப் போய்ப் பார்த்தாராம். தப்பு என்னுடையது, மருமகள் மேல் குற்றம் எழுதிவிடாதீர்கள் என்று தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் சொன்னாராம். அந்தம்மா சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாளாம்.

"அவிய சொன்னாங்க மச்சான், அந்தப் புள்ள உங்களுக்காக ஒரு நொடி தயங்கியிருந்தா நான் அவ கைல இனிமே ஒரு படகும் குடுத்திருக்க மாட்டேன்னு. அத்தன படகுக்கும் என்ற மருமவளத்தான் பெரியாளா இருக்கச் சொல்றாங்க. வெள்ளக்காரப் பசங்க எட்டுப் பேரு இவகிட்ட உத்தரவு கேட்டுட்டுத்தான் படகை எறக்கோணும். ரெண்டு மூணு நாளா இத எப்பிடிச் சொல்றதுன்னு ரோசிச்சுட்டே இருந்தேன். ஊட்டுக்குள்ள நாலு பேருகிட்டச் சொல்லி முடிக்கற சமாச்சாரமா இது?"

மோகனப்பிரியாவுக்குக் கண் கலங்கியது. மூன்று நாளாகக் கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது கோபமே இல்லை. பெரிய கூட்டம் சேரட்டும் என்று காத்திருந்திருக்கிறார் மனுஷன்.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"அந்தம்மாவுக்கு என்ன பதில் சொன்ன கண்ணு?"

"இன்னும் சொல்லலீங்க மாமா. உங்களைக் கேட்டுட்டுச் சொல்லலாம்னு."

"படகுல என்னைக் கேட்டுட்டா இழுத்த?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அப்பறம் என்ன? வேலையில எதுனாலும் நீதான் முடிவு பண்ணோணும். போய் எழுதிப்போடு. அவிய காத்துட்டிருப்பாங்கல்ல."

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கிருபாசங்கர் எழுந்து வந்து, அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டான். மீதிக் காபியைத் தான் கொடுத்துக்கொள்வதாகச் சொன்னான். ஐந்து மாதத்துக்கு இப்போதே பழகுகிறாயா என்று அத்தை தன் மகனைக் கேட்க, இதில் சர்க்கரையே இல்லை என்று வெங்கடபதி டம்ளரைத் தூக்கிக் காட்ட, அவன் சர்க்கரை எடுக்க உள்ளே போனான். போகும்போது அவள் தோளை லேசாக அழுத்திவிட்டுப் போனான்.

அவள் அறைக்குள் போய்ப் போனை எடுத்தாள். நீளமாக எழுத வேண்டும் என்று நினைத்திருந்தாள். நான்கே வரி வந்தது. சம்மதம், மே மாதம் வந்துவிடுகிறேன், நம்பியதற்கு நன்றி, என் மாமனார் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். கடைசி வரியை அவர் சொல்லவில்லைதான். சொல்லியிருப்பார் என்று தோன்றியதால் எழுதினாள். அனுப்பிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தபோது அவரைப் பிடித்து இழுத்த இடது உள்ளங்கை சூடாக இருந்தது. அதைப் பார்த்து ஒருதரம் தானாகச் சிரித்துக்கொண்டாள்.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ தாமதமாக வந்த உறவுக்காரர்கள். வாங்க, உக்காருங்க, இப்பத்தான் முக்கியமான எடத்துக்கு வந்தேன் என்று மாமனார் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த அலை இடுப்பளவுக்குக்கூட வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கூடத்தில் இப்போது அது தென்னை மர உயரத்துக்கு எழுந்துகொண்டிருந்தது. அவள் போய்த் திருத்தவில்லை.