வெள்ளைக் காது

ஆமைகளின் புல்லை ஆடுகள் தின்று தீர்க்கின்றன என்று, எங்கள் கலாபகோஸ் தீவில் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் நான்கு வருடமாக ஆடுகளைச் சுட்டார்கள். முகாமில் அவர்களுக்குச் சோறும் மீனும் சமைத்தது நான்.

வழி காட்டியது பலோமா. நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு. எங்கே போகிறாள் என்று காட்டும் ரேடியோ பட்டையைக் கழுத்தில் கட்டி மேட்டில் விடுவார்கள். ஆட்டுக்குத் தனியாக இருக்க முடியாது. மந்தையைத் தேடிப் போய்ச் சேரும். பின்னாலேயே போய், பலோமாவை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் சுடுவார்கள். ரத்தத்தில் நனைந்த கால்களோடு அவள் நிற்பாள். மறுநாள் வேறு மந்தை.

முதல் வருடமே ஆயிரத்தில் இருபதுதான் மிஞ்சின. அதில் கிடா ஒன்றே ஒன்று, அதற்கு வெள்ளைக் காது. அதன்பின் பிறந்ததெல்லாம் வெள்ளைக் காது.

இப்போது இரண்டு மாதமாகப் பலோமா தனியாகவே திரிந்தாள்.

"ஆடு தீந்துடுச்சு," என்றார் தலைவர் ரெமிஹியோ. "நாளைக்கு இவளையும் போட்டுட்டு மூட்டையக் கட்டுவோம்."

மூன்றாமவன் ஃபௌஸ்தோ சிரித்தான். "அண்ணே, உங்க மக ஆட்டுக்கிட்ட மட்டுந்தான் வாயத் தொறப்பா. இனி யார்கிட்ட பேசுவா?"

அப்பா துப்பாக்கியைத் துடைத்தார்.

எனக்கு ஒன்று தெரியும். தண்ணீர் எடுக்கப் போனபோது எரிமலைக் குகை வாயில் வெள்ளைக் காதுகளைப் பார்த்திருந்தேன். பலோமா கத்திக்கொண்டு அருகே போக, அவை சத்தமில்லாமல் உள்ளே நழுவின. கூடிச் சேர்ந்தவையும் குரல் கொடுத்தவையும் செத்துப்போயின. ஒதுங்கியவையும் கத்தாதவையும்தான் குட்டி போட்டன. நாங்களே சுட்டுச் சுட்டு ஊமை ஆடுகளை உண்டாக்கியிருந்தோம்.

ஆடு இருந்தால் பலோமாவும் வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

"இன்னும் இருக்கு மாமா," என்றேன் ரெமிஹியோவிடம். "குகையில. பலோமாவ விட்டுடுங்க."

"அடேயப்பா, பேசிட்டா!" என்றான் ஃபௌஸ்தோ.

மறுநாள் என்னையும் பலோமாவையும் கூட்டிப்போய்க் குகைக்குள் புகை போட்டார்கள். பன்னிரண்டு ஆடுகள் வெளியே பாய்ந்தன. சுட்டார்கள். ஒன்றின் தாடை பெயர்ந்து தொங்கியது. இன்னொன்று தன் குடலையே மிதித்து வழுக்கி விழுந்தது. ஒரு குட்டி மூன்று காலில் ஓடியது. அப்பா துப்பாக்கிக் கட்டையால் அதன் மண்டையில் அடித்தார், இரண்டு முறை. ஒன்றுகூடக் கத்தவில்லை. கத்தியது பலோமா மட்டும்.

"இப்பத்தான் நெசமா முடிஞ்சுது," என்ற ரெமிஹியோ திரும்பி, பலோமாவின் காதருகே துப்பாக்கியை வைத்துச் சுட்டார். என் முகத்தில் சூடாகத் தெறித்தது.

"மாமா, நான் சொன்னேனே..."

"நீ சொன்ன. நான் சரின்னேனா?"

அப்போது, புகைக்கு அப்பால் முட்புதரடியில், சினையாய் வயிறு புடைத்த பெட்டை ஒன்று படுத்திருப்பதைப் பார்த்தேன். வெள்ளைக் காது அசையவில்லை; கண் மட்டும் என்னைப் பார்த்தது.

"வேற எதுவும் கண்ணுல படுதாம்மா?" என்று கேட்டார் அப்பா.

பலோமாவின் பட்டையைக் கழற்றிக்கொண்டே, "இல்லப்பா," என்றேன்.