குழாய்க்காரரின் குழாய்கள்

குழாய்க்காரருக்கு வைரஸ் காய்ச்சல் நெஞ்சில் இறங்கிய வாரத்தில், அவர் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் சுவர்களும் கசிய ஆரம்பித்தன. சொட்டிய தண்ணீர் லேசான ரோஸ் நிறத்தில், உடம்புச் சூட்டில் இருந்தது. குடியிருந்தவர்கள் வாளி வைத்துப் பிடித்துக்கொண்டே, இந்த நேரத்தில் அந்த மனுஷன் எங்கே போய்த் தொலைந்தார் என்று திட்டினார்கள். மனுஷன் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார்.

டாக்டரம்மா அவர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டார். “கிருமி, சின்னச் சின்னக் குழாய்களோட உட்பூச்சை அரிச்சிடுச்சும்மா. கசியுது. கசிஞ்சதெல்லாம் காத்துப் பையில தேங்கி நிக்குது. அங்கங்க அடைப்பு வேற.”

“அதுக்கு இவர் என்ன பண்ணுவார் டாக்டர்? அத்தனையும் துருப்பிடிச்ச குழாய். மாத்துங்கன்னு ஓனர்கிட்ட தொண்டை கிழியச் சொன்னாரே!”

“எந்த ஓனர்?” என்றார் டாக்டரம்மா.

ரத்தம் ஓடுவதற்கும் மூச்சு ஓடுவதற்கும் தண்ணீர் ஓடுவதற்கும் ஒரே பெயரை வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். மனைவிக்கு விஷயம் புரிவதற்கு முன்பே கட்டடத்துக்குப் புரிந்திருந்தது. நுரையீரலில் ரத்தம் உறைந்த அன்று இரண்டாம் மாடியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உறையாமலிருக்க ஊசி போட்டார்கள். குழாய்கள் செருமி, கருஞ்சிவப்பாக எதையோ துப்பிவிட்டு ஓடின. மூச்சுக்குழாயின் சுவர் வீங்கியபோது எல்லாக் குளியலறைகளும் விசிலடித்தன.

ஓனர் ஒருவழியாகப் பிளாஸ்டிக் குழாய்களை வாங்கி இறக்கினார். வேலைக்கு வந்தவன் முதல் மாடியில் ஸ்பேனரை ஒரு சுற்றுத்தான் திருப்பியிருப்பான், ஆஸ்பத்திரியிலிருந்து நாத்தனாரின் போன் வந்தது.

“அண்ணி, அங்க என்ன பண்றீங்க? அண்ணனுக்கு உதடெல்லாம் நீலம் பாஞ்சிடுச்சு!”

மனைவி ஓடிப்போய்க் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “கைய வச்சா கைய ஒடிச்சிடுவேன். இது எங்க வீட்டுக்காரர் நெஞ்சு.”

“உங்க வீட்டுக்காரர் நெஞ்சுக்கா நான் வரி கட்டிட்டிருக்கேன்?” என்று கத்தினார் ஓனர்.

அப்போது ஐந்தாம் மாடிக்காரர்கள் குடும்பத்தோடு இறங்கி வந்து அவள் பக்கம் நின்றார்கள். பாசம் கீசம் ஒன்றும் கிடையாது. பழுதான இடங்களைச் சுற்றி நுரையீரலில் புது ரத்தக்குழாய்கள் கன்னாபின்னாவென்று முளைக்கின்றன என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதேபோலச் சுவர்களிலும் விரல் தடிமனில், கோணல்மாணலாகக் குழாய்கள் முளைத்து, கட்டிய நாளிலிருந்து தண்ணீர் ஏறாத ஐந்தாம் மாடி வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தன.

“யோவ், அந்த ஸ்பேனரைக் கீழ போடுய்யா. மனுஷன் நல்லா இருக்கணும். நாங்க குளிக்கணும்” என்றார் மாடிப் பெரியவர்.

ஸ்பேனர் கீழே விழுந்தது. குழாய்க்காரர் பிழைத்து வந்தார். நுரையீரல் பழையபடி ஆகவில்லை. ஒவ்வொரு மாடிக்கும் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுகிறார். அவர் நிற்கும்போது தண்ணீரும் நிற்கும். தலையில் சோப்பு நுரையோடு காத்திருப்பவர்கள் யாரும் இப்போது முணுமுணுப்பதில்லை. புதிதாகக் குடிவருபவர்களிடம் ஓனர் வாடகை, குப்பை போடும் இடம், குழாய்க்காரர் படியேறும் நேரம் மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்.

விடிந்ததும் மனைவி புருஷன் முகத்தைப் பார்ப்பதில்லை. நேரே போய்க் குழாயைத் திறக்கிறாள். ஓடினால், அவரைத் தூங்க விட்டுவிட்டு வாளியை அடியில் வைக்கிறாள்.