கருங்கல் வீட்டில் சொன்ன பொய்

1.

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. புனைவு என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளும் பொய் இல்லை. வாடகைக்கு வீடு கேட்கப் போன இடத்தில் வாய்கூசாமல் நான் சொன்ன பச்சைப் பொய்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கண்டோன்மென்டில், பெரிய பங்களாக்களுக்கு நடுவே, நூற்றிருபது வருடக் கருங்கல் வீடு ஒன்று வரலாற்றின் மௌனத்தோடு...’

"மௌனமாவது மண்ணாங்கட்டியாவது, பக்கத்து பங்களாவுல ஜெனரேட்டர் ஓடுது" என்றாள் வேணி. அந்த வரியை அடித்துவிட்டேன்.

வேணி என் மனைவி. முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து மாடிப்படி ஆகாது. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருந்ததோ இரண்டாவது மாடி. நான்கு மாதமாக அவள் தெருவில் கால் வைக்கவில்லை. இந்த வீட்டைப் பார்க்க அவளை நாற்காலியோடு நானும் ஆட்டோக்காரரும் தூக்கி இறக்கினோம்.

2.

வீட்டுக்காரர் கமருன்னிசா அம்மாள். [கண்ணாடிக்கு மேலாக எங்களை அளந்தார்.] சேச்சே, அவர் கண்ணாடியே போடுவதில்லை. கதைக்கு ஒரு கறார் வீட்டுக்காரி தேவைப்பட்டதால் மாட்டிவிட்டேன். உண்மையில் கதவைத் திறந்ததும் வேணிக்கு நாற்காலி போட்டார்.

பின்கட்டில் அவர் தனியாக இருந்தார். படியேறத் தேவையில்லாத முன்கட்டு வாடகைக்கு. துணைக்கு ஆள் வேண்டும் என்பதால் வாடகையும் எங்களுக்கு எட்டுகிற அளவுதான். அடுக்களை மட்டும் பொது. கருங்கல் சுவரை உடைத்து இன்னொரு அடுக்களை கட்ட அவருக்கு மனமில்லை.

"என்ன சமைப்பீங்க தம்பி?"

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கே வீடு தரும் ஸ்ரீரங்கத்தில் பதினாறு வருடமாக வாடகைக்கு இருந்தவன். இந்தக் கேள்விக்கு என் வாயில் ஒரே பதில்தான் இருந்தது. (அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: மீன் குழம்புக்கு உறையூரில் என் தங்கை வீடு.)

"சுத்த சைவம்மா. வெங்காயம்கூட யோசிச்சுத்தான்."

வெங்காயத்தை எதற்கு இழுத்தேன்? எழுத்தாளன் புத்தி.

அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப சரிப்படாதே தம்பி. இங்க தெனம் கறி, மீனுதான். உங்களுக்குக் குமட்டும், பாவம்."

3.

முடிவு அ: நான் துணிந்து உண்மையைச் சொல்கிறேன். (வேணி இதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!)

முடிவு ஆ: திரும்பிப் போகிறோம். அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நாலாவது படியில்... வேண்டாம்.

நடந்தது இது. பொய்யன் என்று தெரிவதற்குப் பதில் வீடே போகட்டும் என்று நான் எழுந்துவிட்டேன். வெட்கக்கேடுதான். வேணி எழுந்திருக்கவில்லை.

"அம்மா, இவரு பொய் சொல்றாரு. போன ஞாயித்துக்கிழமை அவரு தங்கச்சி வீட்டுல ஒரு கிலோ வஞ்சிரத்துல முக்காவாசி இவருதான் தின்னாரு. வீடு கெடைக்காதோன்னு பயம். எனக்குத் தெருவுல நடக்கணும்மா."

கமருன்னிசா அம்மாள் என்னையே பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "யா அல்லாஹ்! எங்கிட்ட வந்தா இந்தப் பொய்ய சொன்னீங்க? எப்ப வர்றீங்க?"

அப்பாடா!

4.

இதை முன்கட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒரு நல்ல முடிவுக்காகக் காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொள்கிறேன். இப்போது வேணி செருப்பை மாட்டுகிறாள்.

"நானும் வரட்டுமா?"

"நீங்க எழுதுங்க" என்று கேட்டைத் திறக்கிறாள். தனியாக.

பேனாவை வைத்துவிட்டேன். தெரு முனையோடு திரும்பினாளா, மன்னார்புரம் வரைக்கும் போனாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் நடப்பதை நான் பார்க்க வேண்டும்.