ஒரு லைனுக்கு ஒரு டோக்கன்

அமைதியான ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். பேரணாம்பட்டு ரோட்டிலிருந்து உள்ளே ஒரே ஒரு தெரு. நடுவில் கெங்கையம்மன் கோயில், பக்கத்தில் ஹயாத் பாஷா கடை, கோடியில் சின்னதாக ஒரு சர்ச். காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப்புகளின் நாற்றம். ஆண்கள் தோல் ஷாப்புக்கும் பெண்கள் ஷூ கம்பெனிக்கும் போய்விட்டால் பகலில் நாய்கூடக் குரைக்காது. குரைக்க ஆள் வேண்டுமே! ஆனால் அந்த அமைதியை மொத்தமாக ஒருத்தி மேல் திருப்பிவிட்டால் என்ன பாடு படுத்தும் என்பதை அமிர்தவள்ளியிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரு மாதமாகத் தெருவில் அவளோடு யாரும் பேசுவதில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பினால் அது வரிசையின் கடைசிக்குப் போயிருக்கும். எவள் நகர்த்தினது என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காது அடைத்துப்போகும். ஹயாத் பாஷா கடைப்படியில் அவள் காலை வைத்ததும், அதுவரை கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் பயபக்தியாகப் புளி விலையை விசாரிப்பார்கள்.

எல்லாம் ஒரு வண்டியால் வந்த வினை. கம்பெனி வேன் தினமும் காலையில் கோயில் வாசல் வரைக்கும் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். இப்போது தெருவுக்குள் வருவதில்லை. மெயின் ரோட்டிலேயே நின்றுகொள்கிறது. முள்ளுக்காட்டையும் சாக்கடைக் கால்வாயையும் தாண்டி, டிபன் பையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் நடக்கிறார்கள். நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் அமிர்தவள்ளிக்கு ஒரு திட்டு.

வண்டி ஏன் நின்றது? டோக்கனால். அந்தக் கம்பெனியில் ஒரு லைனுக்கு ஒரு டோக்கன். லைன் என்றால், ஷூவின் மேல்பாகத்தைத் தைக்க மெஷின் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நாற்பது பெண்கள். டோக்கன் என்றால் பச்சை நிறத்தில் ஒரு தோல் துண்டு, ஓட்டை போட்டுக் கயிறு கோத்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கக்கூஸுக்குப் போகலாம். போனவள் வந்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். சூப்பர்வைசர் பரணிதரனிடம் கையை நீட்டிக் கேட்க வேண்டும். அவன் கைக்கடிகாரத்தை ஒரு பார்வை, ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கொடுப்பான். தூ, அதுவும் ஒரு பிழைப்பு! அடக்கி அடக்கி அமிர்தவள்ளிக்கு நீர்க்கடுப்பு வந்தது. டோக்கனுக்குப் பயந்து லைனில் ஒருத்தியும் தண்ணீர் பாட்டிலைத் தொடமாட்டாள்.

ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரனுக்காகக் கம்பெனியைச் சோதிக்க மெட்ராஸிலிருந்து ஆடிட் மேடம் ஒருத்தி வரப்போகிறாள் என்றதும் பரணிதரன் எல்லோரையும் நிற்கவைத்துப் பாடம் நடத்தினான்.

“பாத்ரூம் போறதுக்கு இன்னா ரூலுன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க?”

“எப்ப வேணும்னாலும் போலாம் மேடம்!” என்று பொம்பளைகள் ஒன்றாம் கிளாஸ் பிள்ளைகளைப் போல ராகம் போட்டார்கள். டோக்கன்களை எல்லாம் அவன் தன் மேஜை டிராயருக்குள் போட்டு மூடினான்.

மேடம் வந்து, அங்கொருத்தி இங்கொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். இந்தத் தெருவிலிருந்து மூன்று பேர் போனார்கள். அமிர்தவள்ளி, சர்ச் பக்கத்து வீட்டு பிரிசில்லா, ஜெயம்மாளின் மருமகள் பூர்ணிமா. சாயங்காலம் மேடம் நேராக நடந்துபோய் பரணிதரனின் டிராயரைத் திறந்தாள். மறுநாளிலிருந்து டோக்கன் கிடையாது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தெருவுக்குள் வண்டியும் கிடையாது.

“உங்க தெருப் பொம்பள ஒருத்திதான் வாய வுட்டா. யாருன்னு எனக்குத் தெரியாது, நீங்களே கண்டுபுடிங்க. அதுவரைக்கும் நடங்க, ஒடம்புக்கு நல்லது” என்றான் பரணிதரன்.

கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? உள்ளே ரொம்ப நேரம் இருந்தவள் அமிர்தவள்ளி. தெருவில் எந்தச் சண்டையானாலும் முதல் குரல் அமிர்தவள்ளியுடையது. முடிந்தது பஞ்சாயத்து.

ரொம்ப நேரம் ஆனது உண்மைதான். நடுவில் மேடத்துக்குப் போன் வந்தது. பிள்ளையின் ஸ்நாக்ஸ் டப்பா எங்கே இருக்கிறது என்று வீட்டு வேலைக்காரிக்கு அவள் விளக்கிக்கொண்டிருந்த நேரம் எல்லாம் அமிர்தவள்ளியின் கணக்கில் ஏறிவிட்டது. போனை வைத்த பிறகு மேடம் பாத்ரூம் ரூலைக் கேட்டாள். அமிர்தவள்ளி சொன்னாள்: “எப்ப வேணும்னாலும் போலாம் மேடம்.” அதைச் சொல்லும்போதே அவளுக்கு அடிவயிறு முட்டிக்கொண்டிருந்தது.

சொல்லாததற்கு இந்தத் தண்டனை. அதில்தான் அவள் வயிறு எரிந்தது. இந்த வேலையைச் செய்தவள் பிரிசில்லாதான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். ஒரு மாதமாக மனசுக்குள் பிரிசில்லாவைத் திட்டாத நாள் இல்லை. இன்னொரு வேடிக்கை பாருங்கள், டோக்கன் போனதைப் பற்றி ஒருத்தியாவது வாய் திறக்க வேண்டுமே! எழுந்து போகிறார்கள், வருகிறார்கள், பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கிறார்கள். வண்டியைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

சனிக்கிழமை ஜெயம்மாள் வாசலில் வந்து நின்றாள். தெருவில் அவள் வைத்ததுதான் சட்டம்.

“என் மருமவ வாயும் வயிறுமா அவ்ளோ தூரம் நடக்குது. எனக்குப் பத்தி எரியுது. நீ சொல்லலன்னா நாளைக்கு கெங்கையம்மன் முன்னால சூடம் அடிச்சு சத்தியம் பண்ணு. பண்ணிட்டன்னா உன்கிட்ட நானே மொதல்ல பேசறேன்.”

“பண்றேன். எனக்கு இன்னா பயம்?” என்றாள் அமிர்தவள்ளி.

“பண்ணிட்டு வந்துடு. பேஜார் வுட்டுது” என்றான் புருஷன் பெருமாள்.

அன்று ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கினாள். ஒரே ஒரு சத்தியம், அதுவும் பொய்ச் சத்தியம் இல்லை. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் குடம் வரிசையில் நிற்கும். கடையில் பேச்சு நிற்காது. மனுஷியாக நடமாடலாம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தெருவே கூடிவிட்டது. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேர் நேரத்துக்கு வந்ததில்லை. பிரிசில்லா பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“நான் சூடம் அடிக்க மாட்டேன், பைபிள் மேல கை வெக்கிறேன். மொதல்ல அமிர்தம், அப்புறம் நானு, அப்புறம் பூர்ணிமா. மூணு பேரும் பண்ணா யாருன்னு தெரிஞ்சிடப் போவுது” என்றாள். பார்வையில் ஒரு தடுமாற்றமும் இல்லை. சொன்னவள் இவள் இல்லை என்று அமிர்தவள்ளிக்கு அப்போதே தெரிந்துபோனது.

அப்படியானால்?

ஜெயம்மாள் கல்லின் மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். இரண்டு கையையும் தூக்கி அம்மனைப் பார்த்துக் கத்தினாள். “தாயே, எவ வாய வுட்டாளோ அவ வயிறு வெளங்கக் கூடாது! அவ வயித்துல இருக்கிறது மண்ணாப் போவணும்!”

மாமியாருக்குப் பின்னால் நின்ற பூர்ணிமாவின் கை சட்டென்று தன் வயிற்றைப் பொத்தியது. முகத்தில் ரத்தமே இல்லை.

ஓங்கின கை ஓங்கினபடி நின்றது அமிர்தவள்ளிக்கு. அடிப்பாவி! உப்புப் போதவில்லை என்றால்கூட வாய் திறந்து கேட்காத பெண் ஆயிற்றே இது! ஒரு மாதமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? அந்தக் குடத்தை இவளும் ஒரு தரம் நகர்த்தியிருப்பாளோ? நகர்த்தியிருப்பாள். போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நாக்கு துடித்தது. போட்டுக்கொடுக்கக்கூட வேண்டாம். சூடத்தை அடித்துவிட்டு நகர்ந்தால் போதும், மிச்சத்தை ஜெயம்மாள் பார்த்துக்கொள்வாள். அன்றைக்கே பெட்டியோடு தாய்வீட்டுக்குத் துரத்திவிடுவாள்.

ஆனால் எதற்காக இந்தச் சத்தியம்? ‘நான் சொல்லவில்லை தாயே’ என்று அம்மன் முன்னால் பெருமையடிக்கவா? தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கினவள் இவள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு சொன்னவள் அவள். அமிர்தவள்ளிக்குத் தன் மேலேயே காறித் துப்பலாம் போல ஆத்திரம் வந்தது.

“அடி, இன்னா பாக்குற? சூடம் எரிஞ்சு முடியுது” என்றாள் ஜெயம்மாள்.

“அடிக்க மாட்டேன். நான்தான் சொன்னேன்.”

 கூட்டம் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஆனது.

“ஆமா, நான்தான்! டிராயர்ல இருக்குன்னும் நான்தான் சொன்னேன். இன்னா இப்போ? இந்த ஒரு மாசத்துல எவளாவது அடக்கிக்கினு ஒக்காந்தீங்களா? பாட்டில் பாட்டிலா குடிக்கத் தெரியுது இல்ல? நான் வாங்கிக் குடுத்தது வேணாம்னா நாளையிலேர்ந்து எழுந்து போவாதீங்க. பொடவையிலயே போங்கடி!”

“பாத்தியா, பாத்தியா! என்னா திமிரு!” ஜெயம்மாள் குனிந்து மண்ணை வாரித் தூற்றினாள். அமிர்தவள்ளியின் தலையெல்லாம் புழுதி.

“மண்ண எவ்ளோ வேணும்னாலும் தூத்து. சாபத்த மட்டும் திருப்பி வாங்கு. வீட்ல புள்ளத்தாச்சிய வெச்சுக்கினு அம்மன் முன்னால வயித்த இழுக்கலாமா யக்கா? அறிவு வாணாம்?”

ஜெயம்மாள் திருதிருவென்று விழித்தாள். பிறகு, விழித்ததற்கும் சேர்த்து இன்னொரு பிடி மண் தூற்றினாள்.

வீட்டுக்கு வந்ததும் பெருமாள் கத்தினான். “பைத்தியம் புடிச்சுதா உனக்கு? சொல்லவே இல்லன்னு என்கிட்ட அழுதியே!”

“சொல்லியிருக்கணும் இல்ல? அதான் இப்ப சொன்னேன்” என்றாள் தலையைத் தட்டிக்கொண்டே. அன்றைக்கு அவன் அவளோடு பேசவில்லை. போகட்டும், தெருவோடு இன்னொருத்தன்.

திங்கட்கிழமை காலை எல்லோரும் முன்னால் நடந்தார்கள். அமிர்தவள்ளி பின்னால், தனியாக. கால்வாய் தாண்டும்போது ஒரு குரல் உரக்கக் கேட்டது. “இந்த வயித்தத் தூக்கிக்கினு நான் நடக்கறது இவளாலதான். நல்லா இருப்பாளா இவ?”

பூர்ணிமாவின் குரல். ஒரு மாதத்தில் அவள் உரக்கப் பேசிய முதல் பேச்சு அது. பாய்ந்துபோய்க் கொண்டையைப் பிடித்துச் சாக்கடைக்குள் தள்ளிவிடலாமா என்றிருந்தது அமிர்தவள்ளிக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

வேனில் காலியாக இருந்தது பூர்ணிமாவின் பக்கத்து சீட் மட்டும்தான். அதன் மேல் டிபன் பை.

“ஆள் வருது” என்றாள் பூர்ணிமா, முகத்தைப் பார்க்காமல்.

அமிர்தவள்ளி பையை எடுத்து அவள் கால்மாட்டில் போட்டாள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். வண்டி கிளம்பி இன்ஜின் சத்தம் ஏறும் வரை காத்திருந்துவிட்டு, அவள் காதருகே குனிந்தாள்.

“இன்னிக்கு முட்டிச்சுன்னா எழுந்து போடி. எவனையும் கேக்காத.”

பூர்ணிமாவின் உதடு நடுங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பி, பின்சீட்டு வரைக்கும் கேட்கும்படி காறித் துப்பினாள். அமிர்தவள்ளி தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடமடவென்று பாதியைக் குடித்தாள்.